ஒரு நிமிஷம், வீட்டைப் பாத்துட்டுப் போங்க

எங்கள் தெருவுக்கு கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் எல்லா வீட்டிலும் அடுக்களை வரைக்கும் தூக்கிவந்து இறக்கிவைத்துவிட்டுத்தான் போவார். எங்கள் வளவுக்கு மட்டும் வாசல்படியில் நிறுத்தி, கம்பிக் கதவில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஒருநாள் தெருமுனையில் அவரைப் பிடித்துக் கேட்டேன்.

"ஏன் அண்ணாச்சி, நாங்க என்ன பாவம் பண்ணினோம்?"

"நீங்க ஒண்ணும் பண்ணலம்மா. உள்ள வந்தா ஏட்டையா பிடிச்சுக்கிடுதாக. போன மாசம் மாட்டிக்கிட்டேன். வண்டி நிறைய சிலிண்டர் நடுத்தெருவுல கிடக்கு, நான் மேல மொட்டமாடித் தட்டட்டியில நின்னு ஓடு பாத்துக்கிட்டு இருக்கேன்."

ஏட்டையா தலைமைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். தென்காசிப் பெரிய கோயிலுக்குப் பின்னால் இருக்கிற பழைய தெருவில், நான்கு குடும்பங்கள் குடியிருந்த அந்த வளவு அவருடையது. கோவில்பட்டியிலிருந்து எனக்குத் தென்காசிக் கருவூலத்துக்கு மாற்றல் வந்தபோது நானும் மகளும் அங்கே மாடியில் வாடகைக்கு இருந்தோம். என் கணவர் கடையை விட்டு வர முடியாமல் ஊரிலேயே இருந்தார்; சனிக்கிழமை சாயங்காலம் வருவார். நாங்கள் ஊர் திரும்பிச் சில வருடங்கள் ஆகின்றன. இன்றைக்கும் யாராவது புது வீட்டில் பால் காய்ச்சக் கூப்பிட்டு, "வாங்க, வீட்டைப் பாருங்க" என்று சொன்னால் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. அவர்கள் எல்லாம் வீட்டைக் காட்டத் தெரியாதவர்கள். காட்டத் தெரிந்த ஒருவரிடம் நான் குடியிருந்திருக்கிறேன்.

வாடகைக்குக் கேட்டுப் போன அன்று, என்ன வேலை, எத்தனை பேர், கறிமீன் சமைப்போமா என்று அவர் எதுவுமே விசாரிக்கவில்லை. உயரமான ஆள். வேட்டி, கை வைத்த பனியன், மடிப்புக் கலையாத தோள்துண்டு. என்னை நிலைப்படிக்கு வெளியிலேயே நிறுத்தினார்.

"இங்கன நில்லுங்க. இப்ப மேல பாருங்க."

பார்த்தேன். கதவு தெரிந்தது.

"கதவுன்னு பாக்காதீங்கம்மா. நாட்டுத் தேக்கு. எங்க தாத்தா போட்டது. இப்ப உள்ள வாங்க. குனிஞ்சு வாங்க. வடக்குப் பாத்த வாசல். கிழக்கயும் மேக்கயும் பொதுச் சுவரு. பின்பக்கம் சந்து. நடுவுல திறந்த முற்றம். முற்றத்துல ஒரு கிணறு. கிணத்துக்கு இரும்பு மூடி உண்டு."

அவர் நெடுங்காலம் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்தவர் என்பது எனக்கு அப்போது தெரியாது. திருட்டோ தீயோ நடந்த வீட்டுக்குப் போய், வாசல் எந்தத் திசை, சன்னல் எந்தச் சுவரில் என்று மகஜர் எழுதியே பாதி சர்வீஸ் ஓடியிருக்கிறது. அந்தப் பழக்கத்தில் சொல்லிக்கொண்டே போனார். சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சுண்ணாம்புக் காரைச் சுவர், வெயிலிலும் குளிர்ந்து இருந்தது. சிவப்புத் தரையில் செருப்பில்லாமல் நடக்கச் சொன்னார். என் மகளிடம், "நீ சின்னப்பிள்ளதான, படுத்துப் பாரு" என்றார். அவள் உடனே படுத்துவிட்டாள். எல்லாம் முடிந்து தெருவுக்கு வந்த பிறகுதான் வாடகையைப் பற்றிப் பேசவே இல்லை என்று எனக்கு ஞாபகம் வந்தது.

அவருடைய மனைவியை நான் அத்தை என்று கூப்பிடுவேன். குள்ளமாக, குரல் உயராமல் பேசுகிறவர். கணவர் வீட்டைக் காட்டிக்கொண்டு போகும்போது அவர் கூட வரவே மாட்டார். அடுக்களை வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டு, கடந்து போகிறவர்களை அனுதாபத்தோடு பார்ப்பார். மிகவும் பாவமாகத் தெரிகிறவர்களுக்கு மட்டும் ஒரு டம்ளர் மோர் கொடுப்பார்.

"நீங்க ஏன் அத்தை தடுக்க மாட்டேங்கீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தடுக்கவா? கல்யாணம் ஆன நாள்ல இருந்து போலீஸ் குவார்ட்டர்ஸ்தாம்மா. ஆலங்குளம், கடையநல்லூர், புளியரைன்னு எங்க போனாலும் ஒரே அச்சு. ஒரு தடவ டூட்டி முடிஞ்சு அலுத்து வந்தவுக பக்கத்து வீட்டுக்குள்ள போயி, சட்டையக் கழட்டி ஆணியில மாட்டிட்டு, சோறு போடுன்னு உக்காந்துட்டாக. அந்த வீட்டுப் பிள்ளையும் ஏட்டையா என்னமோ கோவத்துல இருக்காகன்னு பயந்து போட்டுட்டா. ரசம் ஊத்தினப்பெறகுதான் ருசி வேறயா இருக்கேன்னு நிமிந்து பாத்திருக்காக." அத்தை சிரிக்காமல் சொன்னார். "அப்படிப்பட்ட மனுசனுக்கு அடையாளம் தெரியுத மாதிரி ஒரு வீடு கிடைச்சிருக்கு. பேசிட்டுப் போகட்டும்."

வீடு அவருடைய தாத்தா கட்டியது. தாத்தாவுக்குப் பின் நாலு மகன்கள் பிரித்துக்கொண்டு, முற்றத்துக்குக் குறுக்கே செங்கல் சுவர் எழுப்பி, ஆளுக்கொரு அடுக்களை வைத்துக்கொண்டார்கள். அந்த நாலு பேரின் பிள்ளைகளும் போலீஸ், பட்டாளம், மும்பை என்று போய்விட்டார்கள். ஏட்டையா ஓய்வு பெற்றபோது வீடு பூட்டிக்கிடந்தது. இடித்துவிட்டுக் கீழே கடை, மேலே லாட்ஜ் என்று கட்டச் சொல்லித் தெருவே யோசனை சொன்னதாம். அவர் பங்காளிகளின் பங்கையெல்லாம் வாங்கி, எதையும் இடிக்காமல் பழுது பார்த்தார். செங்கோட்டையிலிருந்து தச்சர்கள் வந்தார்கள். சுண்ணாம்புக்காரை பூசத் தெரிந்தவர்களைத் தேடி ஊர் ஊராக அலைந்தார். இடித்தது ஒன்றே ஒன்றைத்தான்: முற்றத்துக் குறுக்குச்சுவர். அது நின்ற இடத்தில் தரையில் ஒரு கறுப்புக் கோடு விட்டு வைத்திருந்தார். வீட்டைக் காட்டும்போது அங்கே வந்ததும் கொஞ்சம் நிற்பார்.

"இந்தப் பக்கம் எங்க அப்பா. அந்தப் பக்கம் பெரியப்பா. சாகுத வரைக்கும் பேசிக்கிடல. தும்மினா மட்டும் கேக்கும்."

நான்கு அடுக்களைகளையும் அப்படியே வைத்துக் குடித்தனத்துக்கு விட்டதற்கும் அவரிடம் காரணம் இருந்தது. "நாலு அடுப்பு எரிஞ்ச வீடும்மா இது. ஒரே அடுப்ப வச்சுக்கிட்டு நான் என்னத்தச் செய்ய?" கீழே முன்பக்கம் அவர்கள் இரண்டு பேர். பின்பக்கம் ஜமீலா இரண்டு மகள்களோடு இருந்தாள்; அவள் கணவர் சவூதியில் இருந்தார். மாடியில் முன்பக்கம் நாங்கள். பின்பக்கத்தில் இருந்த இளம் தம்பதி இருவரும் பண்பொழிப் பக்கம் பள்ளிக்கூட வேலை. விடிந்ததும் போய் விளக்கு வைக்கத் திரும்புவார்கள். எங்களில் தப்பித்தவர்கள் அவர்கள் மட்டும்தான். மற்ற இரண்டு வீட்டுக்குள்ளும் ஏட்டையா எப்போது ஆட்களோடு வருவார் என்று சொல்ல முடியாது. "உள்ள வரலாமாம்மா?" என்று கேட்பார். கேட்கும்போது உள்ளேதான் நிற்பார்.

வீட்டில் குறை என்று ஒன்று இருக்கவே முடியாது என்பது அவர் கட்சி. ஆனியில் சாரல் பிடித்தது. பக்கத்து வீட்டுக்கு மேலே எழும்பி நின்ற என் அறையின் மேற்குச் சுவர் ஊறி, மூலையில் சொட்டத் தொடங்கியது. வாளியை வைத்துவிட்டுக் கீழே போய்ச் சொன்னேன். வந்தார். அண்ணாந்து பார்த்தார். கையால் தடவினார்.

"இது ஒழுகல் இல்லம்மா. காரைச் சுவரு மூச்சு விடும்."

"வாளி நிறைஞ்சிருக்கு மாமா."

"நல்லா விடுது."

மாடிப்படியில் ஒரு படி மற்றதைவிட உயரம், எல்லோரும் இடறுவோம். அது ஆட்களை நிதானமாக நடக்க வைப்பதற்காம். ஜமீலாவின் பின்கதவு ஆடிச் சாரலில் உப்பிக்கொண்டு சாத்தவே மாட்டேன் என்றது. "காத்து வரட்டும்னுதான்" என்றார். பட்டாசல் சுவரில், அதாவது முன்கூடத்தில், மேலிருந்து கீழே ஒரு விரிசல் ஓடியது. "விரிசலா? அது கோடு." அதற்கு மேல் யாராலும் பேச முடியாது. முகத்தில் போலீஸ்காரர் வந்துவிடுவார்.

சீசன் நேரத்தில்தான் பெரிய கூத்து. குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு கோயிலுக்கு வருகிறவர்கள், மத்தியானம் நடை சாத்தியிருந்தால் நிழலுக்கு எங்கள் தெருவில் ஒதுங்குவார்கள். ஒருநாள் சிவகாசிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வேன் கூட்டம் அப்படி ஒதுங்கியது. நான் அன்றைக்கு லீவு. தலைக்குக் குளித்துத் துண்டைச் சுற்றிக்கொண்டு, மாடி வராந்தாவில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். படியில் திமுதிமுவென்று சத்தம். திரும்பினால் எண்ணெய் மினுங்கும் தலைகளாக ஒரு ஊரே ஏறி வருகிறது. எல்லோருக்கும் முன்னால் ஏட்டையா.

"இது முன்மாடி. இந்தப் பிள்ளை கருவூலத்துல இருக்கு. மேல பாருங்க, மரமச்சு."

எல்லோரும் மேலே பார்த்தார்கள். நடுவில் என் உள்பாவாடைகள் கொடியில் ஆடிக்கொண்டிருந்தன. கீழே அந்தக் கூட்டத்துப் பெரியவர் ஒருவர் சிவப்புத் தரையைச் சோதித்துப் பார்க்கப் படுத்தவர், குறட்டை விட்டுத் தூங்கியே போனார். நடை திறந்த பிறகுதான் அவரை எழுப்பிக் கூட்டிப் போனார்கள். போகும்போது ஒரு பெண் ஏட்டையாவிடம், "ரூம் காலியா இருக்குங்களா? இன்னொரு நாள் இருந்துட்டுப் போலாம்னு பாக்கோம்" என்று கேட்டுவிட்டாள்.

அன்று சாயங்காலம் முழுக்க அவருக்கு முகம் சரியில்லை. "லாட்ஜுன்னு நினைச்சுட்டா, பாத்தியாம்மா" என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார். மறுநாள் காலையில் பால்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது: "லாட்ஜ்ல கூட இவ்வளவு சுத்தம் இல்லைன்னு அசந்து போயிட்டாக."

ஐப்பசியில் ஒரு காலை, அத்தை முற்றத்தில் மயங்கி விழுந்தார். சர்க்கரை இறங்கிவிட்டது. குடம் உருண்ட சத்தம் கேட்டு முதலில் ஓடிவந்தது ஜமீலா. அவள் போட்ட கூச்சலில் நான் இறங்கி ஓடினேன். அவள் அத்தையின் தலையை மடியில் வைத்துச் சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உதட்டில் தடவிக்கொண்டிருந்தாள். நான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். ஏட்டையா கிணற்று மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எத்தனையோ விபத்தையும் சாவையும் பார்த்த மனிதர், அதை விட்டு நகரவே இல்லை.

ஆம்புலன்ஸ் ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு வந்தார்கள். அத்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போகும்போது ஏட்டையா முன்னால் ஓடினார். வாய் தன்னால் பேசிக்கொண்டு போனது.

"பாத்து... குனிஞ்சு வாங்க தம்பி... நிலை தாழ்வு... நாட்டுத் தேக்கு... எங்க தாத்தா..."

ஸ்ட்ரெச்சரில் கண்ணை மூடிக் கிடந்த அத்தை மெதுவாகச் சொன்னார்: "ஏங்க, நான் போயிட்டு வந்திருதேன். அப்புறம் காட்டிக்கிடலாம்."

ஸ்ட்ரெச்சரைப் பிடித்திருந்த பையன் சிரித்துவிட்டான். ஜமீலாவும் அழுதுகொண்டே சிரித்தாள். ஏட்டையா மட்டும் சிரிக்கவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு ஆம்புலன்ஸில் ஏறினார்.

அத்தை சில நாளில் தேறி வந்துவிட்டார். ஆனால் மகன் பயந்துபோனான். கோயம்புத்தூரில் கம்பெனி வேலை, அடுக்குமாடியில் வீடு. நல்ல பையன், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியிலேயே கிடந்தான். வீட்டை விற்றுவிட்டு இரண்டு பேரும் தன்னோடு வந்துவிட வேண்டும் என்றான். அவன் பேச்சில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. ஏட்டையா, மேலதிகாரி உத்தரவு போட்டதுபோல, "சரிப்பா" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து அவர் தெருவில் யாரையும் கூப்பிடவில்லை.

வீடு போனால் நாங்களும் வேறு இடம் பார்க்க வேண்டும். எனக்காவது வேறு வீடு கிடைக்கும். ஜமீலா என் அடுக்களையில் வந்து உட்கார்ந்து அழுதாள். "மாப்பிள ஊர்ல இல்லாதவளுக்கு, ரெண்டு பொட்டப்பிள்ளைகளோட, யாருக்கா நம்பி வீடு தருவா? ஏட்டுமாமா வீட்டுல இருக்கேன்னு சொன்னா, அவரு அங்கன நிம்மதியா இருக்காரு."

மகன் விற்கிற ஏற்பாட்டையெல்லாம் தானே பார்த்தான். கொல்லத்திலிருந்து ஒருவர் மனைவியோடு காரில் வந்து இறங்கினார். சீசனுக்கு வருகிறவர்களைத் தங்கவைக்கப் பழைய வீடாகத் தேடுகிறவர்கள். மகனும் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தான்.

"நீங்களே காட்டுங்கப்பா. உங்கள மாதிரி காட்ட யாரு இருக்கா?" என்றான். வெள்ளையாகத்தான் சொன்னான்.

ஏட்டையா எழுந்தார். துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். நானும் ஜமீலாவும் படிக்கட்டுக்குக் கீழே நின்றோம். அவர் அந்த இருவரையும் நிலைப்படிக்கு வெளியே கூட்டிப்போய் நிறுத்தினார்.

"இங்கன நில்லுங்க. இப்ப கீழ பாருங்க."

நான் ஜமீலாவைப் பார்த்தேன். அவர் கீழே பார்க்கச் சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை.

"நிலைக்கால் ரெண்டும் அடியில கரையான் அரிச்சது. வெட்டி எடுத்துட்டு வேற மரத்துல ஒட்டுப் போட்டிருக்கு. பெயிண்டு அடிச்சதால தெரியாது. சுரண்டினா தெரியும்."

கொல்லத்துக்காரர் குனிந்து பார்த்தார். மகன், "அப்பா" என்றான்.

"இரு. வாங்க, பட்டாசலுக்கு. இது விரிசல். நான் வந்தப்ப இங்க வரைக்கும் இருந்துச்சு, இப்ப இங்கன வந்திருக்கு. அடுத்த வீட்டுக்காரன் போர் போட்டதுல இருந்து நீளுது. இந்த உத்திரத்துல நடுவுல ஒரு இடம் பொக்கு. தட்டுதேன், கேளுங்க."

தட்டினார். பொக்கென்று கேட்டது. கிணற்றில் சித்திரை வைகாசியில் தண்ணீர் கலங்கும் என்றார். சாக்கடைக் குழாய்க்கு வாட்டம் பத்தாது என்றார். ஜமீலாவின் பின்கதவை இழுத்து, சாத்திக் காட்ட முடியாமல் காட்டினார். மாடிப்படியில் கொல்லத்துக்காரர் இடறினார். "மேஸ்திரி செஞ்ச தப்பு. நான் கூட நின்னும் கவனிக்கல" என்றார். என் அறைக்கு வந்ததும் மேற்கு மூலையைக் காட்டினார்.

"இது ஒழுகும். ஆனியில ஆரம்பிச்சா ஆவணி வரைக்கும். எம்மா, அந்த வாளி எங்க? கொண்டாந்து வையி, எங்க வைப்பேன்னு பாக்கட்டும்."

நான் வாளியை எடுத்துவந்து மூலையில் வைத்தேன். நாங்கள் சொல்லிச் சொல்லி அவர் ஒத்துக்கொள்ளாத குறைகள் எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தன. எங்களுக்குத் தெரியாததும் தெரிந்திருந்தது. ஒரு சுவர் எப்போது வெடித்தது, எவ்வளவு வளர்ந்தது என்று, பிள்ளையின் உடம்பைப் பார்ப்பதுபோல அவர் தினமும் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்.

இனி வாங்க மாட்டார்கள் என்ற உற்சாகத்தில் ஜமீலா பின்னாலிருந்து சத்தமாகச் சொல்லிவிட்டாள்: "பாம்பும் வரும்! போன வாரம் கூட முற்றத்துல நல்ல பாம்பு!"

ஏட்டையா சுழன்று திரும்பினார்.

"ஏட்டி! எப்ப வந்துச்சு? யாரு பாத்தா?" ஜமீலா விழித்தாள். "வாய்க்கு வந்ததச் சொல்லாத. ஒரு பல்லி, பாச்சான் உண்டு. பாம்பு இதுவரைக்கும் வந்ததில்ல. என் வீட்டு மேல பொய்க் கேசு போடாத."

கீழே முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ஏட்டையா கடைசியாக அந்தக் கறுப்புக் கோட்டைக் காட்டவில்லை. அதன்மேல் தன் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. தன்னால் ஆனதைச் செய்துவிட்ட ஆளைப்போல இருந்தார். கொல்லத்துக்காரர் சுவரையும் மச்சையும் இன்னொரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சாறே, ஞான் இந்தப் பக்கம் எத்தனையோ வீடு கண்டு. எல்லாரும் நல்லது மட்டும் பறஞ்சு. ஒரு ஆள்கூட உள்ளது பறயல. நீங்கள் பறஞ்சு. இந்த வீட்ட இவ்வளவு நல்லா நோக்கின ஆளு வேற இல்ல. எனிக்கு இது மதி."

இதுவே போதும், வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். மகன் நிம்மதியாக மூச்சு விட்டான். ஏட்டையா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் இப்படி ஆகும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. எழுந்திருக்க முயன்று, திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

அப்போது அத்தை அடுக்களை வாசலிலிருந்து எழுந்து வந்தார். அத்தனை வருடத்தில் ஒருவருக்கும் வீட்டைக் காட்டாதவர், கொல்லத்துக்காரரின் மனைவியிடம் சொன்னார்: "நீங்க இன்னும் அடுக்களையப் பாக்கல. வாங்க, காட்டுதேன்."

இரண்டு பேரும் உள்ளே போனார்கள். காபி ஆறுகிற நேரம்தான் இருக்கும். அந்த அம்மா வெளியே வந்து கணவரைத் தனியே கூப்பிட்டு என்னவோ சொன்னார். அவர் ஏட்டையாவைத் திரும்பிப் பார்த்தார். திரும்ப மனைவியைப் பார்த்தார். பிறகு வந்து, "ஆலோசிச்சுப் பறயாம்", யோசித்துச் சொல்கிறேன் என்று கும்பிட்டார்; இருவரும் காரில் ஏறிப் போய்விட்டார்கள். சாயங்காலம் மகனுக்குப் போன் வந்தது: வேண்டாம்.

மகன் கோபப்பட்டான். அத்தை அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். நாங்கள் முற்றத்தில் இருந்தோம். அவர் ஒன்றும் ரகசியமாகப் பேசவில்லை.

"அன்னைக்கு நான் விழுந்த சத்தம் ஜமீலாவுக்குக் கேட்டுச்சு. அவ சத்தம் மாடிக்குக் கேட்டுச்சு. உங்க ஊர்ல கதவ அடைச்சா அடைச்சதுதான். அங்கன நான் விழுந்தா லிஃப்டுக்குத்தான் கேக்கும்யா. எனக்கு அதான் பயம். வரமாட்டேன்னு சொல்லல. வந்து வந்து இருந்துட்டுப் போறோம். வீடு இருக்கட்டும்."

அவன் அதற்கப்புறம் விற்கிற பேச்சை எடுக்கவில்லை. மறுநாள் ஊருக்குப் போகுமுன் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து, அத்தையின் கட்டிலருகில் அழுத்தினால் ஜமீலா வீட்டிலும் என் வீட்டிலும் அடிக்கிற மணி ஒன்றைப் பொருத்திவிட்டுப் போனான்.

அவன் போன பிறகு நானும் ஜமீலாவும் அத்தையைச் சூழ்ந்துகொண்டோம்.

"அடுக்களையில அந்தம்மாகிட்ட என்ன மாமி சொன்னிய?" என்றாள் ஜமீலா. "பாம்புன்னு சொன்னியளா?"

"ச்சீ. உள்ளதத்தான் சொன்னேன். வீட்ட நல்லா வச்சுக்கிடுங்க, ஆனா ஒண்ணு, வீட்ட வித்தாலும் இவுக விடமாட்டாக. சீசனுக்குச் சீசன் கோயம்புத்தூர்ல இருந்து பஸ் ஏறி வந்திருவாக. உங்ககிட்ட தங்க வாரவுகளையெல்லாம் எழுப்பி, ரூம் ரூமா கூட்டிட்டுப் போயி வீட்டக் காட்டுவாக. இப்பப் பாத்தியள்லா, அதே மாதிரி. அதுக்குச் சம்மதம்னா வாங்கிக்கிடுங்கன்னு சொன்னேன்." அத்தை புடவைத் தலைப்பை உதறினார். "அந்தம்மாவுக்கு ஏற்கெனவே முட்டி வலி."

ஏட்டையாவுக்குத் தெரிய வேண்டாம் என்றும் சொன்னார்.

வீடு தப்பித்ததில் ஏட்டையா துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தோம். முதல் இரண்டு மூன்று நாள் நன்றாகத்தான் இருந்தார். தபால்காரரைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து புது மணியை அழுத்திக் காட்டினார். ஜமீலா மாவுக்கையோடும் நான் சீப்போடும் விழுந்தடித்து ஓடிவந்தோம். பிறகு அத்தை மணியின்மேல் துணியைக் கட்டிவைத்தார். அதற்கப்புறம் அவர் ஒரு மாதிரி ஆகிவிட்டார். சுவரைத் தடவிக்கொண்டே நிற்பார். உத்திரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒரு சாயங்காலம் முற்றத்தில் எல்லோரும் இருந்தோம். அத்தை முறத்தில் பூண்டை வைத்து உரித்துக்கொண்டிருந்தார். ஏட்டையா திடீரென்று, "அவன் எதுக்கு வேண்டாம்னான்?" என்றார்.

"எவன்?" என்றார் அத்தை.

"கொல்லத்துக்காரன். மதின்னு சொன்னவன்தான? நான் குறையச் சொன்னேன், சரி. அதுக்காக என் வீட்ட வேண்டாம்னு சொல்லிருவானா? அப்படி என்ன கண்டுட்டான்?"

அவர் போனை எடுத்து, எண்ணைத் தேடி அழுத்தினார். வழக்கம்போல போன் இல்லாமலே கொல்லத்துக்குக் கேட்கிற குரலில் பேசினார்.

"சார், தென்காசி ஏட்டு பேசுதேன். இல்ல, இல்ல, விக்கதுக்கு இல்ல. இனி விக்க மாட்டேன். ஒரே ஒரு விஷயம் தெரியணும். என் வீட்டுல நீங்க என்ன குறையக் கண்டிய? மறைக்காமச் சொல்லுங்க."

அத்தையின் கை நின்றது. ஜமீலா என் முழங்கையைக் கிள்ளினாள். ஏட்டையா கேட்டுக்கொண்டே இருந்தார். "அப்படியா?" என்றார். கொஞ்சம் கழித்து, "அப்படியா!" என்றார். போனை வைத்தபோது அவர் முகம் விளக்கேற்றியது போல இருந்தது.

"வீட்டுல ஒரு குறையும் இல்லையாம். பாத்ததுலயே இதான் நல்ல வீடாம்."

"பெறகு ஏன் மாமா வேண்டாம்னாராம்?" ஜமீலா பச்சைப்பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அதக் கேட்டா சிரிக்கான். சிரிச்சிட்டு, சாறு அவிடத் தன்னே இருக்கணும்ங்கான். அவன் சொன்ன மலையாளம் எனக்குச் சரியாப் பிடிபடல." யோசித்தபடியே திரும்பியவர் மனைவியைப் பார்த்தார். அத்தை முறத்தின்மேல் நன்றாகக் குனிந்திருந்தார். தோள் குலுங்கியது. கண்ணிலிருந்து தண்ணீராக ஓடியது.

"ஏட்டி, என்னாச்சு? எதுக்கு அழுத?"

"ஒண்ணுமில்லங்க," என்றார் அத்தை. "வெங்காயம் கரிக்குது."

அவர் தோள்துண்டை எடுத்து மனைவியின் முகத்தைத் துடைத்துவிட்டார். முறத்தில் இருந்த பூண்டைக் கவனிக்கவே இல்லை.